பொம்பிளை பார்க்க வந்த அன்று இடிந்த சுரங்கக் கூரை

என்னைப் பெண் பார்க்க பாலையூற்றிலிருந்து வந்தவர்கள் ஹோல் கதிரைகளில் அமர்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து சுரங்க மனேஜர் அழைத்தார். அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நான் பாறைப் பொறியியலாளர். கூரை யார் தலையிலும் விழாமல் பார்ப்பது என் வேலை. லீவுக்கு ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்தவளைப் பிடித்துச் சேலை சுற்றி, சோடித்த சப்பரம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"போனை வையடி," என்று அம்மா பல்லைக் கடித்தார். நான் குசினிக்குள் ஓடினேன்.

புதிதாக வெட்டும் பாதையின் கூரை முறுகிச் சத்தம் போடுகிறதாம். பக்கச் சுவரிலிருந்து கரித் துண்டுகள் தெறிக்கின்றனவாம். ஆனாலும் குறை இன்னும் தள்ளித்தானே இருக்கிறது, ஷிப்ட் முடியும்வரை வெட்டலாமா என்று கேட்டார்.

பாறை உடைந்து விலகிய இடத்தைப் பள்ளிக்கூடத்தில் 'குறை' என்றுதான் படித்தோம். மனேஜருக்கு அது வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தொட்டால்தான் ஆபத்து என்பது அவருடைய ஞானம். உடைந்த பாறை சுமையை ஒழுங்காகத் தாங்காது. பக்கத்தில் முழுசாக நிற்கும் பாறையின் தலையில் கட்டிவிடும். குறையை நோக்கி வெட்ட வெட்ட, நடுவில் மிஞ்சும் பாறை ஒடுங்கும், அதன் மேல் அழுத்தம் ஏறும். தெறித்த கரி அதைத்தான் சொன்னது.

"ஆட்களை வெளியே எடு, இப்போதே!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கரி வெட்டும் இயந்திரத்தையும் எடுக்கட்டுமா என்றார். இயந்திரத்துக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை என்றேன்.

ஹோலுக்குத் திரும்பியபோது ஒருவரும் வடையைக் கடிக்கவில்லை.

"ஆரோட பிள்ளை சண்டை?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"சண்டை இல்லை மாமி. ஒரு குறை இருக்கு. கிட்டப் போகவேண்டாமெண்டு சொன்னனான்."

"குறையோ? எங்கட பிள்ளையில ஒரு குறையும் இல்லை!"

"உங்கட பிள்ளையில இல்லை மாமி, பாறையில."

மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி புரையேறியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கரி பற்றியிருக்கும்.

அதன்பின் யார் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழும்பப்போகும் நேரத்தில் செய்தி வந்தது. கூரை இடிந்து இயந்திரத்தை மூடிவிட்டது. ஆட்கள் எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். நான் பட்டுச் சேலையோடு நிலத்தில் அமர்ந்து அழுதேன்.

மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் குனிந்தார். "ஆக்கள் தப்பிட்டினமோ?"

"ஓம் மாமி, எல்லாரும்."

"பிறகேன் அழுறீர்? இந்தாரும், வடையைச் சாப்பிடும்."

சாப்பிட்டேன். உப்புக் கூடிப்போயிருந்தது.

சாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். என் தொண்டைதான் பொருந்தவில்லை என்பது அம்மாவின் முடிவு. லீவு முடிந்து போனதும், பாதையைத் திருப்பி, பாறை உறுதியாக இருந்த இன்னோர் இடத்தில் இரும்பு வளைவுகளைக் கூரைக்கு முட்டுக்கொடுத்து அந்தக் குறையைக் கடந்தோம். இப்போது கரி தெறித்தால் மனேஜர் முதலில் ஆட்களை வெளியே எடுக்கிறார், அதற்குப் பிறகுதான் எனக்கு அழைக்கிறார்.