ஆய்வுக்குப் போன பிள்ளைகள்

பட்டப்படிப்புப் பிள்ளைகளின் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருப்பது என்பது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஊரைக் கேள்வி கேட்க அனுப்பிவிட்டு, ஊர் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்று அறைக்குள் பயந்துகொண்டிருக்கும் வேலை. ஈப்போவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் நான் புள்ளியியல் நடத்துகிறேன். அதனால் உயிரியலோ, வேதியியலோ, உளவியலோ, கடைசி வருஷத்தில் எல்லாரும் என் மேசைக்குத்தான் வந்து சேருவார்கள். இதே பாட்டைப் படுகிற சக ஆசிரியர்களே, "கணக்கு சரியா வருதா மிஸ்?" என்று கேட்கும் பிள்ளையின் முகத்தில் கணக்கைத் தவிர வேறு எதையோ நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குகை

கவிதா உயிரியல் மாணவி. ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் குகையில் மாதாமாதம் வௌவால்களை எண்ணி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். விடுமுறை முடிந்து போனவள் அங்கிருந்தே எனக்குப் போன் செய்து அழுதாள். என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன்.

மலையில் பாதியைக் காணோம். கல் உடைக்கும் கம்பெனி வேலியைத் தள்ளிப் போட்டிருந்தது. குகை இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சுவர், அதன்மேல் வானம். காவலுக்கு இருந்த அண்ணன், "எல்லாம் போச்சு லா. தள்ளி நில்லுங்க, அடுத்த வெடி வைக்கப் போறாங்க" என்று எங்களை விரட்டினார். காரில் ஏறினோம். நெடுஞ்சாலைக்கு வந்ததும் கவிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், இந்த மாசத்துக்குப் பூஜ்யம்னு போட்டா, அதுவும் தரவுதானே?"

காப்பி

தினேஷ் வேதியியல். லகாட் பக்கம் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று. ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, கைமாறிக் கைமாறி யாருடையது என்றே தெரியாமல் போன தோட்டம். லயத்தில், அந்தப் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், சில குடும்பங்கள் மட்டும் மிச்சம். குழாய்த் தண்ணீர் நின்று வெகுகாலம் ஆகிறது. கிணறுதான். அந்தத் தண்ணீரைத்தான் தினேஷ் சோதித்தான். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க வெள்ளீயம் தோண்டிய மண். ஆர்செனிக் இருந்தது, குடிக்கக் கூடாத அளவுக்கு. கை தவறிவிட்டதோ என்று மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

தேர்வு முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார் துறைத் தலைவர். தினேஷ் என்னைப் பார்த்தான். "அதுவரைக்கும் அவங்க குடிச்சிட்டே இருப்பாங்களே மிஸ்" என்றான். மறுநாள் இருவரும் லயத்துக்குப் போனோம். முடிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புகார் கொடுத்தோம், அலைந்தோம், கடைசியில் ஒரு நீலத் தொட்டி வைத்தார்கள். தண்ணி லாரி வருகிறது, வராத வாரமும் உண்டு. ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் நாள்தான். லயத்தின் முதல் வீட்டுச் சரசு அக்கா எங்களை உட்காரவைத்துக் காப்பி கலக்கிக் கொடுத்தார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தினேஷ் விஷயத்தைச் சொன்னான். அக்கா முழுக்கக் கேட்டார். கிணற்றைப் பார்த்தார். வாசலில் விளையாடிய பேத்தியைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவன் கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நீங்க குடிக்காதீங்க தம்பி. நாங்க குடிச்சது குடிச்சிட்டோம்."

கடைசிக் கேள்வி

பாரிட் புந்தாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள் நஸ்ரின், முதியோரின் தனிமை பற்றி உளவியல் ஆய்வு செய்தாள். அவள் போன முதியோர் இல்லத்தில் எல்லாரும் ஒரே நாளில் பதில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க் ஒருவர் மட்டும், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வியில் நிறுத்திவிடுவார். "யோசிச்சுச் சொல்லுறன், அடுத்த கிழமை வாரும்." நஸ்ரினும் போய்க்கொண்டே இருந்தாள்.

அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியது. இன்றைக்காவது சொல்லுங்கள் ஐயா, எனக்குக் கோலாலம்பூரில் வேலைப்பயிற்சி கிடைத்திருக்கிறது என்று அவள் கெஞ்சியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாராம்: "எல்லாத்துக்கும் பதில் சொல்லிப்போட்டால் நீர் திரும்ப வரமாட்டீர்தானே, பிள்ளை?"

களைப்பு

பிரகாஷைப் பற்றி எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். சமூகவியல் மாணவன். வகுப்பில் தூங்கி விழுவான், எழுப்பினால் சிரிப்பான். மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்துகொண்டே படித்தான். அதையே தலைப்பாக எடு என்று சொன்னது நான்தான். அதே வேலை செய்யும் மாணவர்களைக் கண்டு பேசி, தூக்கம் கெடக் கெட விபத்து எப்படிக் கூடுகிறது என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தான். அவன் எழுத்தில் நான் திருத்த வேண்டியது அதிகம் இருக்காது.

ஒரு மழைச் சாயங்காலம், சமிக்ஞை விளக்குப் பக்கத்தில், லாரி. பெட்டியில் யாரோ ஒருவருடைய கோழிச் சோறு அப்படியே இருந்ததாம்.

கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அவன் அம்மா, காரியமெல்லாம் முடிந்த பிறகு கல்லூரிக்கு வந்தார். வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தார். மகன் என்னதான் எழுதினான் என்று தெரிய வேண்டுமாம். அறிக்கை மலாய் மொழியில் இருந்தது. தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில், களைத்துப்போனவன் சாலையில் பார்ப்பதும் பார்க்காததும் பற்றி அவன் எழுதியிருந்த பத்தி. அதைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். "ஏன் நிறுத்திட்டீங்க, சொல்லுங்க மிஸ்" என்றார். சொன்னேன். அவர் அழவில்லை. அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, அட்டையில் இருந்த மகன் பெயரை விரலால் தடவினார். "இவ்வளவும் தெரிஞ்சிருக்கே மிஸ் அவனுக்கு. அப்புறமும் ஏன் போனான்?"

ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயத்துக்கு ‘முடிவுகளும் பரிந்துரைகளும்’ என்று பெயர். முடிவுகளைப் பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள், பரிந்துரைக்கு என்ன எழுதுவது மிஸ் என்று கேட்டு வந்து நிற்கும்போதுதான் இத்தனை வருஷமாக நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.