எண்ணெய்த் தலையோடு பார்த்த அருவி

குளிக்காமல் திரும்புவதற்கு அருவிக்கு எதற்குப் போக வேண்டும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். வருஷா வருஷம் கம்பெனி பஸ்ஸில் குற்றாலம் போவோம். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றேன் என்றால், பின்னால் நிற்பவர்கள் கத்தும்வரை நகரமாட்டேன்.

அதனால் ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிக்குக் கிளம்பிய அன்றும் லாட்ஜிலேயே எண்ணெய் தேய்த்துக் கொண்டை போட்டுக்கொண்டேன். பையில் துண்டு, சீயக்காய், மிச்ச எண்ணெய். அங்கே யாரும் குளிக்கமாட்டார்கள், தூர நின்று பார்ப்பதுதான் என்றாள் மகள். பார்ப்பதற்கு டிவி போதாதா என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

மகள் ஜாம்பியாவில் நர்ஸ். அந்த ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனில்தான் சொன்னாள். அந்த வருஷத் தீபாவளிக்கு இரண்டு பேரும் கள்ளிக்குப்பத்துக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்த ஒரே வரியைச் சொன்னார்: "அத்தே, உள்ள வரலாமா?"

நான் கதவைச் சாத்தினேன். தெருவே பார்த்தது.

கம்பெனியில் என் வேலையே பழுதான போல்ட்டைப் பொறுக்கி எடுப்பதுதான். என் பழுது என் கண்ணில் பட மட்டும் இரண்டு வருஷம் ஆனது. பட்டபிறகு தூக்கம் போனது. மகள் கூப்பிடவில்லை, நானே டிக்கெட் போட்டுக்கொண்டு போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு. ஆனால் ஆறு நாளாக ஒவ்வொரு வார்த்தையையும் மகள் வழியாகவே பேசிக்கொண்டிருந்தேன். அருவிக்குப் போன மறுநாள் எனக்கு விமானம்.

வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தம் காதை அடைத்தது. போய்ப் பார்த்தால் அருவி எதிர்ப்பக்கம், நடுவில் கிடுகிடு பள்ளம். அவ்வளவு தண்ணீரும் அதற்குள் விழுகிறது, ஒருத்தரும் கிட்டே போக வழியில்லை. எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு ஆள் குளிக்க இடமில்லையாம். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாடகைக்கு மூன்று மழைக்கோட்டு வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பள்ளத்தின் மேல் ஒரு சின்னப் பாலம். அதில் கால் வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. கீழே விழுந்த தண்ணீர் சாரலாக மேலெழும்பி மழையாகக் கொட்டுகிறது. பாதிப் பாலத்தில் புடவை உடம்போடு ஒட்டிவிட்டது. கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"இன்னாடி, குளிக்க முடியாதுன்னியே?"

சீயக்காயை எடுத்தபோது மட்டும் மகள் பிடுங்கிக்கொண்டாள். போகட்டும் என்று விட்டேன்.

அவரும் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நனைந்தார். என் பையில் இருந்த எண்ணெய் பாட்டிலைக் காட்டி இது எதற்கு என்று மகளிடம் கேட்டார். குளிப்பதற்கு முன்னால் தேய்ப்பது என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், எங்கள் பக்கம் தலைத்தீபாவளியன்று மருமகன் தலையில் மாமியார் இதை வைப்பாள் என்றும் சொன்னாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

பாட்டிலைத் திறந்தேன். அவர் உயரத்துக்கு என் கை எட்டாது. தோளைப் பிடித்து அழுத்தினேன், குனிந்தார். உச்சந்தலையில் மூன்று சொட்டு வைத்துத் தேய்த்தேன். கொட்டுகிற தண்ணீரில் பாதி எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"அன்னிக்கு கதவ சாத்தினதுல எம்மேலதான் தப்பு," என்று அவர் காதோடு சொன்னேன்.

மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவள் அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியாமலே லாட்ஜுக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் கதவைத் திறந்துபோட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கோப்பை டீயோடு வந்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நெற்றியில் எண்ணெய் இன்னும் மினுங்கியது.

"அத்தே, உள்ள வரலாமா?"

இரண்டு வருஷமாக அந்த வரியை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"வாங்க மாப்ளே," என்றேன்.