பாதிரி சாப் உடைத்த தேங்காய்

ஃபாதர் ஞானதாஸ் இந்துவாக மாறிவிட்டாராம்!

குவைத்தில் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே லுக்மான் இதைச் சொல்லிவிட்டான். லுக்மான் எங்கள் உத்திரமேரூர்ப் பையன், பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் கிதர் முகம்மதுவின் மருமகன். விடுமுறை முடிந்து அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

“நீ பார்த்தியா?”

“நான் எங்கண்ணே பாத்தேன்? மாமா கடையில பேசிக்கினு இருந்தாங்க. மாமாவுக்கு மாகறல் பஸ் கண்டக்டர் சொன்னாராம். மூஞ்சி பூரா துன்னூறு பூசி, குங்குமம் வெச்சிக்கினு, மாதா கோயில்ல நின்னு பூசை வெச்சாராம்! மெட்ராஸ்ல பெரிய சாமியாருங்க கூப்ட்டு அனுப்பிக்கீறாங்க. வர்ற செவ்வாக்கெழம விசாரணை. மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களாம், இல்லன்னா ஊர விட்டே தூக்கிடுவாங்களாம். இவரு எழுத மாட்டேன்றாராம்.”

என்னால் உட்கார முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்! லுக்மான் சொன்ன குங்குமம் நிஜம். திருநீறுதான் பொய். இதை யாரிடமாவது முழுக்கச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபாதர் ஞானதாஸ் மாகறல் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கூலிக்குக் கிணறு வெட்டியவர். செய்யாற்றங்கரையில் அவர் கடப்பாரை படாத கிணறு இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றில்கூட அவர் வீட்டு வாளி இறங்கியதில்லை, இறக்க விடமாட்டார்கள். மகன் படித்துக் குருவானவராகிப் பெங்களூரில் உதவிப் பங்குச் சாமியாராக இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு, பாலம் கட்டுகிற பட்டாளத்துக் கூடாரத்தில் பூசை வைக்கப் போனார்.

“சாப்பாடு நல்லாயிருந்துச்சு, தங்கிட்டேன்” என்பார். அந்த ஒருவேளைச் சாப்பாடு பல வருஷ ராணுவ சேவையாயிற்று. சிப்பாய்கள் அவரைப் பாதிரி சாப் என்றார்கள். தோளில் பட்டை உண்டு, துப்பாக்கி கிடையாது. எழுபத்தொன்றில் நடந்த சண்டைக்கும் அப்படியே, ஜெபமாலையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் போய்வந்தார்.

ஓய்வு பெற்றதும் எங்கள் காலனியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம், ஓட்டுக்கூரை போட்ட ஒரு மாதா கோயில். கோயில் மணி விரிசல் விட்டுப் போயிருந்ததால் விசில் ஊதித்தான் பூசைக்குக் கூப்பிடுவார். அங்கிக்குக் கீழே காக்கி பேன்ட், கண்ணாடி மாதிரி மின்னுகிற பூட்ஸ். நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் வரவேண்டும், வரிசை கோணினால் மறுபடி முதலிலிருந்து!

“இன்னா சாமி, நாங்க இன்னா பட்டாளமா?” என்று கேட்டவள் செங்கேணி. கூலி வேலைக்குப் போகிறவள், காலனியின் வாய் அவள்.

“பட்டாளம் இதவிட நல்லா நிக்கும்” என்றார்.

எண்பத்துமூன்று கோடையில் நான் விடுமுறைக்குப் போனபோது ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலனிப் பெண்கள் ஏரியைக் குறுக்கே நடந்து, பெரிய விவசாயி வீராசாமியின் பம்புசெட்டுக்குப் போய்க் குடத்தோடு காத்திருப்பார்கள். கரும்பு காய ஆரம்பித்ததும் அவர் அதையும் நிறுத்திவிட்டார். ஃபாதர் பட்டாளத்திலிருந்து தனக்கு வந்த பணத்தை எடுத்தார். திருச்செங்கோட்டிலிருந்து துளைபோடும் ரிக்கு வண்டியை வரவழைத்தார்.

அப்பா! அந்த வண்டி காலனிக்குள் நுழைந்தபோது பார்த்திருக்க வேண்டும்! கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. கோயிலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது, கம்பம் நிமிர்ந்தது. ரிக்கு மேஸ்திரி ஒரு தட்டில் தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், குங்குமம் எல்லாம் எடுத்துவைத்து ஃபாதரிடம் நீட்டினார்.

“ஏனுங்க சாமி, எடத்துக்காரவங்க தேங்கா ஒடைக்காம நாங்க வேலையில எறங்கறதில்லீங்க. போன மாசம் பூசை போடாம எறக்கி, கம்பி உள்ளாறயே மாட்டிக்கிச்சுங்க.”

எங்கள் உபதேசியார் பதறிப்போனார். ஜெபம் சொல்லித் தருவது, கோயிலைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவர்தான். “சாமி, இது மாதா கோயில் நெலம். இங்க எப்பிடி சாமி? ஊர்ல இருந்து வேற யாரயாவது கூட்டியாந்து ஒடைக்கச் சொல்லலாம்.”

குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த வீராசாமி இதற்குத்தான் காத்திருந்தார். “நீங்க பொறுமையா பேசி முடிங்க. அதுக்குள்ள வண்டி நம்ம கொல்லைக்கு வரட்டும். என் கரும்பு காஞ்சிக்கினு கீது.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

“சாமி! வண்டி போவுது சாமி!” செங்கேணி அலறினாள்.

விசில் சத்தம் காதைக் கிழித்தது. “ரோக்கோ!” ஃபாதர் பட்டாளத்து இந்தியில் நிறுத்தச் சொன்னார், வண்டி நின்றது.

அவர் பூட்ஸைக் கழற்றினார். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். குடுமியைத் திருப்பிக் கல்லில் ஒரே போடு! கத்தியால் நறுக்கியதுபோல இரண்டு மூடி. காலனியே விசிலடித்தது. சூடத்தை ஏற்றினார், கண்ணை மூடினார், அந்த இரும்பின்மேல் சிலுவை அடையாளம் வரைந்தார். “சலோ!” என்று வேலையைத் தொடங்கக் கைகாட்டினார்.

மேஸ்திரி குங்குமத்தைத் துளைக்கிற இரும்பில் வைத்தார், எஞ்சினில் வைத்தார், சக்கரத்தில் வைத்தார், கை போன வேகத்தில் ஃபாதர் நெற்றியிலும் வைத்துவிட்டார்.

“சாமி, இது...” என்று உபதேசியார் அவர் நெற்றியைக் காட்டினார். எஞ்சின் இரைச்சலில் ஃபாதர் அவர் காதில் கத்தினார். கத்தியதால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“வங்காளத்துல ஒரு ஆறு, உபதேசியாரே! பாலம் போட்டாச்சு. பட்டாளத்து இந்துப் பசங்களுக்குப் பூசை வெக்கிற பண்டிட்ஜி மலேரியாவுல ஆஸ்பத்திரியில கீறாரு. குண்டுக்கு பயப்படாத பசங்க, தேங்கா ஒடைக்காம பாலத்துல காலு வெக்க மாட்டோம்னு நிக்கிறானுங்க. கர்னல் என்னத் திரும்பிப் பாத்தாரு. பண்டிட்ஜி இல்லாத நாள்ல பாதிரிதான் பண்டிட்! ஒடைச்சேன். எனக்கு ஒடம்பு சரியில்லாம கெடந்த ஈஸ்டருக்கு நம்ம கிறிஸ்தவப் பசங்கள ஒக்கார வெச்சி அந்த மனுசன் பைபிள் படிச்சாரு. தப்புத் தப்பா படிச்சாரு. ஆனா படிச்சாரு!”

அதற்குமேல் பேச முடியவில்லை. துளையிலிருந்து கல்மாவு புகைபோலச் சீறி வந்தது. கொஞ்ச நேரத்தில் வேப்பமரம் வெள்ளை, வண்டி வெள்ளை, நாங்கள் எல்லாரும் வெள்ளை. கண் மட்டும்தான் தெரிந்தது. கம்பிமேல் கம்பியாகக் கோத்து இறக்கினார்கள். கல், கல், கல்லேதான். மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். “பாற சாமி. இங்க ஏது தண்ணி?” என்று வீராசாமி குடையை மாற்றிப் பிடித்தார். ஃபாதர் அந்தத் துளையின் ஓரத்தைவிட்டு நகரவே இல்லை.

வெயில் சாயும்போது புகை திடீரென்று நின்றது. மாவுக்குப் பதில் சேற்று உருண்டைகள் வந்து விழுந்தன. மேஸ்திரி ஒன்றை எடுத்துப் பிசைந்தார். “தள்ளி நில்லுங்க!” என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, பூமிக்குள் ஏதோ உறுமியது. அடுத்த நொடி, கம்பத்தின் உச்சிக்கு மேலே தண்ணீர்! தண்ணீர்! கிழவர்கள் ஓடினார்கள், நாய்கள் குரைத்தன. செங்கேணி குடத்தை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். உபதேசியார் மண்டிபோட்டு அழுதார். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீராசாமிகூட நனைந்தார். நானும்தான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது!

அந்தக் கூத்தில் மாலைப்பூசை நேரம் தாண்டிவிட்டது. அன்று சனிக்கிழமை. “யம்மாடி!” என்று ஃபாதர் கோயிலுக்கு ஓடினார். கையை மட்டும் கழுவிக்கொண்டு, அந்தக் கோலத்தின்மேலேயே பூசை உடுப்பை மாட்டினார். பீடத்தில் நின்றவர் முகம் முழுக்கத் தண்ணீரில் குழைந்து அப்பிய கல்மாவு, நடுவில் நனைந்து செக்கச்செவேலென்று குங்குமம். எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் மூஞ்சியும் அப்படித்தானே இருந்தது!

கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் சுத்தமாக இருந்தார்கள். கல்யாண ஓலையை, அதாவது பூசையில் படிக்கிற கல்யாண அறிவிப்பை, வாசிக்கச் சொல்லக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெண்வீட்டுக்காரர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தண்ணீர் வந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பூசை முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் ஏறிய மாகறல் பஸ்ஸிலேயே வதந்தியும் ஏறியிருக்க வேண்டும்.

“மாமா அவர்கிட்டயே கேட்டாராம்ணே” என்றான் லுக்மான். “அங்க போயி இன்னா சொல்லுவீங்க சாமின்னு. ‘ஒடைச்சேன், தண்ணி வந்துச்சு. வந்து குடிச்சிப் பாக்கட்டும்’னாராம்.”

“மன்னிப்பு?”

“எதுக்குன்னு கேட்டாராம். அந்தப் பண்டிட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றதுன்னு கேட்டாராம்.”

செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. கப்பல் சரக்குக் கடிதங்களை ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக அடித்தேன். சாட்சி நான் இருக்கிறேனே, என்னை யாரும் கேட்கவில்லையே! துளையில் அடிபம்பு மாட்டியாயிற்று என்று செய்தி வந்திருந்தது. ஆனால் அதை மாட்ட வைத்தவர் இருக்கிறாரா, பெட்டியைக் கட்டிவிட்டாரா?

புதன்கிழமை மாலை தொலைபேசி நிலையத்துக்குப் போய், சாமியார் வீட்டு எண்ணுக்குப் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்தேன். குவைத் பம்பாயைப் பிடித்தது, பம்பாய் மெட்ராஸைப் பிடித்தது, மெட்ராஸ் காஞ்சிபுரத்தை. கடைசியில் எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் முனிரத்தினத்தின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

“சாமியார் வூட்டுக்கா? ரிங்கு போவுது சார். எடுக்கல.”

“சாமி மெட்ராஸ்ல இருந்து வந்துட்டாரா?”

“நேத்து ராத்திரி பஸ்ல எறங்கினார்னாங்க. நான் பாக்கல. காலையில ஒரு வண்டி வந்து நின்னுச்சுன்னும் சொல்றாங்க. யாரு வண்டின்னு தெரியல சார்.”

“விசில் சத்தம் கேட்டுச்சா? பூசைக்கு ஊதினாரா?”

“நான் நைட்டு டூட்டி முடிச்சி தூங்கிட்டேன் சார். இந்நேரம் இருந்தார்னா அடிபம்பாண்ட வரிசை நிக்க வெச்சிக்கினு இருப்பாரு.”

இருந்தார் என்றால். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கண்ணுக்குள் சாமியார் வீட்டு ஓட்டுக்கூரை, ஜன்னலோர மேசை, அதன்மேல் அந்தக் கறுப்பு டெலிபோன்.

“வெச்சிடவா சார்?”

“வெக்காத முனிரத்தினம். அடிக்கட்டும்.”