அப்பா வேலைக்குப் போன முதல் நாள்

பிள்ளைகளே, நேற்று நம் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். ஓர் அம்மாள் தலையில் சும்மாடு வைத்து மண்கூடை சுமந்தார். அந்த ஈரமண் வாசனை என்னைக் கம்மாபுரம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கே கொண்டுபோய்விட்டது.

அறுபதுகளில் என் அம்மா அங்கே மண் சுமந்தார். இயந்திரங்கள் வந்ததும் பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆண்களை மட்டும் நிரந்தரமாக எடுத்தார்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை கிடைத்தது.

முதல் நாள் அப்பா குழி விளிம்பிலேயே நின்றுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

"இவ்ளோ ஆழமா இருக்கு. நான் கரும்புக்கே போறேன்" என்றார்.

"கீழ பாக்காதீங்க. என் முதுவப் பாத்துக்கினே வாங்க" என்று அம்மா முன்னால் இறங்கினார்.

"என்னா மாமா, அக்கா பள்ளிக்கூடத்துல வுட வராங்களா?" என்று ஒருவர் சிரித்தார்.

"வழி தெரிஞ்சவ முன்ன போறா மச்சான். நீயும் பின்னால வா" என்றார் அப்பா.

சோற்றுத் தூக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அம்மா தனியாக, மேலே நின்ற என்னிடம் ஏறி வந்தார்.

"நீயும் இங்கயே வேல செய்யலாமேம்மா" என்றேன்.

"பொம்பளைக்கு இல்லியாம்டா" என்றவர், அன்றே கடலைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனார்.

அப்பாவின் வேலையால் படித்தேன் என்றுதான் உங்களிடம் இதுவரை சொல்லியிருக்கிறேன். அந்த வேலையில் பாதி அம்மாவுடையது.