வருஷத்தின் நடுவில் கப்பல் ஏறியவர்கள்

வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வருகிறவர் ஏற்கெனவே கோபமாகத்தான் வருவார், நாம் புதிதாக மூட்டிவிட வேண்டியதில்லை. இரண்டாவது பெரிய யுத்தம் முடிந்த புதிதில் பினாங்கில் வருமான வரி என்று ஒன்று கிளம்பியபோது, சூலியா தெருவில் ஒரு மாடியறையில் நான் செய்த வேலை இதுதான். படிவத்தைப் பார்த்ததும் தாகம் எடுக்கும் அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

எனக்கே வந்த வினை

நானும் வருஷத்தின் நடுவில் நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறியவன்தான். முதல் பாதி அங்கே குமாஸ்தா, மறு பாதி இங்கே. அங்கே சம்பாதித்ததற்கு அங்கிருந்து வரி நோட்டீஸ் வந்தது. முழு வருஷத்துக்கும் சேர்த்து இங்கிருந்தும் ஒன்று வந்தது. ஊருக்கெல்லாம் படிவம் எழுதிக் கொடுக்கிறவனுக்கு இந்த மரியாதை!

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அப்போது இது சிரிப்பாக இல்லை. என் மனைவி மங்களத்தை இங்கே அழைத்துக்கொள்ளப் பயணப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு சர்க்காரும் கேட்டதைக் கொடுத்தால் அது அப்படியே போய்விடும். அவள் இன்னொரு வருஷம் அங்கே, நான் இங்கே. அவளில்லாமல் எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் துரைராஜு பினாங்கிலேயே பிறந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். நோட்டீசைப் புரட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னார்: "கடல் தாண்டுனா பேய்கூட விட்டுரும்னு சொல்வாங்க. வரி விடாதுலா தம்பி."

ஆடி மாதச் சம்பளம்

கும்பகோணத்திலிருந்து ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுத வந்தவர் நாராயணசாமி. இந்த ஊர் சர்க்காருக்கு ஜனவரியில் வருஷம் பிறக்கிறது, இந்தியா சர்க்காருக்கு ஏப்ரலில், நாராயணசாமிக்குச் சித்திரையில். இந்த மூன்றையும் ஒரே படிவத்துக்குள் உட்கார வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

எப்போது வேலையில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். ஆவணி முதல் தேதி, நல்ல முகூர்த்தம் என்றார். ஆனால் முதலாளி கொடுத்திருந்த சீட்டில் ஆடி மாதச் சம்பளமும் இருந்தது. இது என்ன என்று கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆடியில யாராவது வேலையில சேருவாங்களாங்க? அந்த மாசம் சும்மா வந்து கடையில உக்காந்திருந்தேன். முதலாளியும் சும்மா சம்பளம் கொடுத்தாரு."

கடலில் தைத்த சட்டைகள்

தையல்காரர் சவரிமுத்து இதற்கு நேர் எதிர். எதையும் மறைக்க மாட்டார். வரும் வழியில் கப்பல் தளத்திலேயே மெஷினை வைத்துச் சகபயணிகளுக்குச் சட்டை தைத்துக் காசு வாங்கியிருக்கிறார். அது இந்தியா வருமானமா, பினாங்கு வருமானமா என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் துரைராஜுவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியில், வரி ஆபீசில் நேரிலேயே கேட்டுவிடுங்கள் என்றேன். மனுஷர் திடுக்கிட்டுப் போனார். "மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயே சொல்லிட்டேங்க. அதுக்கும் மேல ஒரு ஆபீசா?"

எங்க வீட்ல

கடைசியில் என் வழக்கும் விசாரணைக்கு வந்தது. வரி ஆபீசில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. தமிழர்தானே, பேசிக்கொள்ளலாம் என்று தெம்பாக உட்கார்ந்தேன்.

"ஊரிலை உமக்கு என்ன இருக்கு?" என்றார்.

சொத்தைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் நினைப்பெல்லாம் மங்களத்தின் மேல். எங்கள் பக்கத்தில் மனைவியைப் பெயர் சொல்லிப் பேசும் வழக்கமில்லை. "எங்க வீட்ல மட்டும் அங்க இருக்குதுங்க" என்றேன்.

அவர் 'வீடு ஒன்று' என்று எழுதிக்கொண்டார். "சொந்தமோ?"

மங்களம் என் அத்தை மகள். "ஆமாங்க, ரொம்ப நெருங்கின சொந்தம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாடகைக்கு விட்டிருக்கிறீரோ?" என்றார்.

நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வாசலில் நின்ற பியூன் ஓடி வந்து, "அண்ணே, வெள்ளைக்காரத் துரை உள்ள இருக்காருலா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் காணும் சண்டைக்கு வாறீர்? வீட்டைத்தானே கேட்டனான்!"

"அது என் பெஞ்சாதி ஐயா!"

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "மனுசியோ!" என்று தம் ஊர் வழக்கில் மனைவியைச் சொல்லும் ஒரு வார்த்தைதான் சொன்னார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'வீடு ஒன்று' என்பதை அடித்தார். என் கப்பல் சீட்டை வாங்கி வந்திறங்கிய தேதியைப் பார்த்தார். அதற்கு முன்னால் சம்பாதித்ததெல்லாம் நாகப்பட்டணத்தோடு போகட்டும் என்று முதல் பாதியையும் அடித்தார். மங்களத்தின் பயணப் பணம் பிழைத்தது.

கும்பிட்டவனை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உம்மடை வீட்டுக்கு வரி இல்லை. ஆனால் கெதியா, தாமதிக்காமல் இஞ்சை கூப்பிட்டுக்கொள்ளும், என்ன?"

இரண்டு சர்க்காரும் என்னை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. முழுசாக எடுத்துக்கொள்ள மங்களம் அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தாள்.