லேமினேட் செய்த டி.சி.யும் மாலை நாலு மணியும்

ஆஸ்டின் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா, மூன்று அபார்ட்மெண்டில் வேலை செய்பவர். அவர் மகள் திவ்யாவுக்கு மெஜஸ்டிக் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம் சீட் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்குள் சேராவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மாவுக்கும் மகளுக்கும் துணையாக நானும் போனேன். நானே பி.காமை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். கல்லூரி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாலே இன்னமும் ஒதுங்கிப் போய்விடுவேன்.

காலை 9.40க்கு பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் மட்டும் மறந்துவிடாதீர்கள். ஏழு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். வரிசையில் எங்கள் முறை வரும்போது மணி 12.15.

கிளார்க் ஃபைலைப் புரட்டினார். டி.சி.யில் கை நின்றது. பளபளவென்று லேமினேட் செய்திருந்தது.

"பின்னாடி எழுதி சீல் போடணும். பிளாஸ்டிக் மேல எப்படிம்மா போடுவேன்? ஆகல்ல, முடியாது. பழைய காலேஜ்ல வேற டி.சி. வாங்கிட்டு வாங்க. நாலு மணிக்கு க்ளோஸ்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "யாரைக் கேட்டுக்கா இதைப் பண்ணீங்க?" என்று நடு வராண்டாவில் கத்திவிட்டேன். அக்கா ஃபைலை வாங்கிப் பையில் வைத்தார். திவ்யா அழ ஆரம்பித்தாள்.

பழைய காலேஜ் என்றால் திவ்யா பதினொன்று, பன்னிரண்டு படித்த பி.யூ. காலேஜ்; லிங்கராஜபுரத்தில். ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 190 ரூபாய். கண்டோன்மெண்ட் தாண்டி வண்டி நகரவே இல்லை. நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் போனில் மணி பார்ப்பதை டிரைவர் கண்ணாடியில் கவனித்துவிட்டார். "அக்கா, நீங்க பார்க்கப் பார்க்கத்தான் அது வேகமா ஓடுது. உள்ள வைங்க." சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

1.25க்குப் போனால் சாப்பாட்டு நேரம். 2 மணிக்கு வந்த ஆபீஸ் மேடம், "நல்லா இருக்கிற டி.சி.யை எதுக்கு இப்படிக் கெடுத்தீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். அக்காவும் கன்னடத்திலேயே சொன்னார்: "ஷீட் வீடு மேடம், ஒழுகும். போன மழையில ரேஷன் கார்டு ஊறிப்போச்சு. இது நனைஞ்சா என் பொண்ணு படிப்பே போச்சேன்னு பண்ணிட்டேன்."

நான் கத்தியதை நினைத்து எனக்குக் கூசியது.

மேடம் டி.சி. புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டபோது 2.50. திரும்பும்போது ஆட்டோக்காரர் 250 கேட்டார், பேரம் பேசவில்லை. கல்லூரி கேட்டில் 3.47. கௌண்டரில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். 3.56க்கு சீல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரிஜினல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள், ஜிப் வைத்த கவர் போதும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். கூடப் போகிறவர் வாயை அடக்கவும். மூன்றாவது எனக்கு.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அக்கா அட்மிஷன் ரசீதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்: "மூணு வருஷம் கழிச்சு டிகிரின்னு ஒண்ணு குடுப்பாங்களே, அதையாச்சும் பண்ணலாமா?"

அதையும் லேமினேட் செய்யக் கூடாதுதான்.

"பண்ணுங்கக்கா," என்றேன். "கடைக்கு நானே கூட வரேன்."