முறைமணி சந்திரம்மா

வலது கையில் மணிக்கயிறு. இடது கை நெற்றிக்கு மேல் கூரை பிடித்திருக்கிறது. கண், எதிரே நிற்கும் கல்மண்டபத்துத் தூணில். தூணில் செதுக்கிய யாளியின் முன்னங்காலை மணிக்கூண்டின் நிழல் தொடுவதற்கு இன்னும் ஒரு விரற்கடை பாக்கி. இந்தச் சமயத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் சந்திரம்மாவின் காதில் ஏறாது. ஆடு மட்டும் இதற்கு விலக்கு. "ஏய், இக்கட ராவே" என்று திரும்பாமலே அதட்டுகிறார். கற்குவியல் மேல் ஏறிய கறுப்பு ஆடு இறங்கி வருகிறது. நிழல் யாளியின் பாதத்தில் ஏறியதும் கயிற்றை ஒரே இழுப்பு. மலையடிக் கழனியில் ஒருவர் மண்ணை வெட்டிப் போட்டுத் தம் மடையை அடைக்கிறார். பக்கத்துக் கழனிக்காரர் தம்முடையதைத் திறக்கிறார். யாரும் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

ஊரின் பெயர் மேல்கோட்டை. புத்தூருக்குக் கிழக்கே, நகரி மலைகளுக்கு நடுவில் ஒரு கணவாயின் வாயில் இருக்கிறது. கணவாயின் மேலே, எந்தப் பாளையக்காரரோ கட்டிய கோட்டையில் வாசல் மட்டும் மிச்சம். கொஞ்சம் கீழே விஜயநகரக் காலத்து மண்டபம். அதற்குத் தெற்கே கூரையில்லாத ஒரு சர்ச். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டினார்களாம். ஒரு புயலில் கூரை பறந்தது; சபை மக்களும் பிழைப்பைத் தேடிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் குடிபோனார்கள். நான்கு சுவரும் மணிக்கூண்டும் அதில் தொங்கும் மணியுந்தான் இங்கே நின்றன.

பழைய காலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சந்திரகிரிக்குப் போகிறார்கள். அங்கே ராஜா மகால் இருக்கிறது, குளம் இருக்கிறது, திருப்பதி லட்டுவைத் தின்றுகொண்டே சுற்றிப் பார்க்கலாம். மேல்கோட்டையில் இடிந்தது எதுவும் சும்மா நிற்கவில்லை. கோட்டை வாசல் வண்டிப்பாதை. மண்டபத்துத் தூண்கள் கடிகாரம். சர்ச் மணி, ஏரித் தண்ணீரைப் பங்கு வைக்கிறது. தை கழிந்து ஏரி வற்ற ஆரம்பித்தால் நவரை நெல்லுக்கு முறைத் தண்ணீர்தான். ஒரு தூணுக்கு ஒரு கழனி. இருட்டினால் மதகை அடைத்துவிடுவார்கள்.

நான் திருப்பதியில் பி.ஏ. முடித்து, புத்தூரில் பையன்களுக்குச் சரித்திரம் நடத்துகிறேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதைச் சந்திரம்மாவிடம் முதல் நாளே சொன்னேன். "ரொம்ப நல்லது நைனா. அப்பிடி ஓரமா நில்லு, நெழலு விழற எடத்துல நிக்காதே" என்றார்.

நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி, கணுக்கைகள் மட்டும் ஆண்பிள்ளைக் கைகள் போல இருக்கும். அவருடைய மாமனார் பாதிரிமாரிடம் காவல்காரராக இருந்தவர். பாதிரிமார் போன பிறகும் அவர் நேரத்துக்கு மணியடிப்பதை நிறுத்தவில்லை; அந்தச் சத்தத்தை வைத்தே கழனிக்காரர்கள் முறை பிரித்துக்கொண்டார்கள். அவருக்குப் பிறகு கயிறு மகன் எத்திராஜிடம் போயிருக்க வேண்டும். ஊர் கூடி மருமகளிடம் கொடுத்தது. ஏன் என்று கேட்டதற்கு, புருஷனை வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "இவரு கையில குடுத்தா ஏரி பூரா எங்க கழனியிலதான் நிக்கும்." எத்திராஜ் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்தார். சென்ற மாதம் சொந்தக் கழனி பாதி நனைந்திருக்கும்போது நிழல் அடுத்த தூணுக்கு வந்துவிட்டது. கயிற்றை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய், புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஊரே சொல்கிறது.

கோட்டை வாசலில் செதுக்கிய அனுமாருக்கு ஒரு கும்பிடு, மண்டபத்தில் ஒரு கும்பிடு, சர்ச் வாசலில் ஒரு கும்பிடு. மூன்று இடத்திலும் செருப்பைக் கழற்றுவார். கற்பூரமோ தேங்காயோ சர்ச்சுக்குள் கொண்டுபோக மாட்டார். "அந்தச் சாமிக்குப் பொகை ஆவாது" என்பது அவர் கண்டு வைத்திருக்கும் ஆகமம். சாமந்திப் பூ ஆகலாம்.

ஆட்டிடம் தெலுங்கு, மனிதரிடம் தமிழ். எல்லை விசாரணைக்கு வந்த அதிகாரி, வீட்டில் என்ன பாஷை என்று கேட்டபோதும் இதையே சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆடு எத்தனை, ஆள் எத்தனை என்று அதிகாரி திருப்பிக் கேட்டாராம்; ஆடுதான் அதிகம். அந்தக் கணக்கினால்தானோ என்னவோ, மேல்கோட்டையும் ஏரியும் ஆந்திராவில் நிற்கப் போகின்றன; கணவாய்க்கு அப்பால் இருக்கும் கிராமங்கள் வரும் ஏப்ரலில் சென்னை ராஜ்யத்துக்குப் போகின்றன என்று ஊரில் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள்.

கேலிக்கு எப்போதும் முந்தி நிற்பவர் கடைமடைக் கழனிக்காரர் நாகபூஷணம். புதிதாகக் கைக்கடிகாரம் வாங்கியவர். தன் முறை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று வாரம் ஒரு தடவையாவது மலையேறி வந்து, மணிக்கட்டை நீட்டிச் சண்டை பிடிப்பார். ஒருநாள் நானும் இருந்தேன். சந்திரம்மா கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு சாவி குடுக்கறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"என் தூணுக்கு சாவி குடுக்கறவரு மேல கீறாரு. போய் அவராண்ட சண்ட போடு."

மார்ச் மாதத் தொடக்கத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து பாலையா வந்தார். சபையின் உபதேசியார், அதிர்ந்து பேசாத மனிதர். சர்ச் திண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். அங்கே புதிதாக ஆலயம் கட்டி முடித்திருக்கிறார்கள், மணி இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு அது வேறு ராஜ்யம், இது வேறு ராஜ்யம். செக்போஸ்ட் போட்டுவிட்டால் ஒரு மணியை எடுத்துப்போக எந்தச் சர்க்கார் கச்சேரியில் போய் நிற்பது என்று சபையார் பயப்படுகிறார்களாம்.

ஊரில் எல்லாருக்கும் பகீரென்றது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதத் தண்ணீர் வேண்டும். மணி போனால் கழனிக்கு ஒரு கடிகாரம், கடிகாரத்துக்கு ஒரு நேரம். மண்வெட்டிகள் மண்ணை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. நாகபூஷணம் மட்டும், போகட்டும் விடுங்கள், இனிமேல் தன் கைக்கடிகாரத்தையே ஊர் முழுவதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் பிஷப்புக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தருவதாகச் சந்திரம்மாவிடம் சொன்னேன்.

"இன்னா இன்னு எழுதுவே நைனா? அவுங்க பொருளு, அவுங்க கேக்கறாங்க. இத்தினி நாளு வாடகை கேக்காம வுட்டாங்களே." அன்றைக்கு மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மணி இல்லாவிட்டால் அவை வெறும் தூண்கள்.

மணியை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்து தோள் கொடுத்தேன். வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, மணியைச் சாய்வாகப் படுக்கவைத்து, அதன் நாக்கைச் சுற்றிலும் வைக்கோலைத் திணித்துக் கயிற்றால் கட்டினோம். அப்போது கீழே நாகபூஷணத்தின் முறை ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை பொறுத்துப் போகலாமே என்று சந்திரம்மா கேட்டுப் பார்த்தார். பொழுதோடு கணவாயைத் தாண்டியாக வேண்டும், கரடி நடமாட்டம் இருக்கிறது என்றார் பாலையா. நியாயந்தான். சந்திரம்மா புருஷனைக் கூப்பிட்டு மண்டபத்தின் எதிரே நிறுத்தினார். நிழல் அடுத்த தூணுக்கு வந்ததும் ஓடிப்போய் மடைக்காரர்களிடம் சொல்ல வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியோடு கிளம்பினார். எதற்கு என்று கேட்டேன். சத்தம் வராமல் போகிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார்.

கோட்டை வாசலை நெருங்கும்போது பாதை வெறும் பாறை. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. கட்டு நெகிழ்ந்து, திணித்திருந்த வைக்கோல் சரிந்தது. மணி ஒரு தடவை முனகியது. மெல்லிய சத்தந்தான். ஆனாலும் கீழே, நாகபூஷணத்தின் பக்கத்துக் கழனியில் குனிந்திருந்த ஆள் நிமிர்ந்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். இன்னொரு முறை கேட்டால் மடை திறந்துவிடும். கடைமடைக்குப் போகிற தண்ணீர் பாதியில் நின்றுவிடும்.

சந்திரம்மா ஓடிவந்து மணிக்குள் கையை விட்டு நாக்கைப் பற்றிக்கொண்டார். அடுத்த குலுக்கலில் இரும்பு நாக்கு விரல்களை மணியோடு சேர்த்து நசுக்கியிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். பாலையா பதறிப்போய் மாட்டை இழுத்துப் பிடித்தார். அவிழ்த்து மறுபடி கட்டிவிடலாம், கையை எடுங்கள் என்றார்.

"அவுக்கும்போது அடிக்கும். நீ ஓட்டு" என்றார் சந்திரம்மா.

கீழே அந்த ஆள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி களை பிடுங்கக் குனிந்தார்.

வண்டி நகர்ந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே, சக்கரம் உயரும்போது உயர்ந்து, தாழும்போது தாழ்ந்து, மணிக்குள் முழங்கைவரை கையைக் கொடுத்துக்கொண்டு சந்திரம்மா நடந்தார். கோட்டை வாசலின் அனுமாருக்குப் பக்கத்தில் வந்தபோது செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு நடந்தார். கும்பிடக் கை இல்லை. வாசலைக் கடந்து பாதை இறங்கியதும் கழனியும் ஏரியும் மறைந்துவிட்டன.

"இனிமே கேக்காதுக்கா. கைய எடுத்துடு" என்றார் பாலையா.

சந்திரம்மா நின்றார். இடது கையால் முந்தானை நுனியை அவிழ்த்து உயரத் தூக்கிப் பிடித்தார். அது படபடத்து, வந்த வழிப்பக்கமாகவே பறந்தது.

"காத்து எங்கூரு பக்கம் அடிக்குது. ஓட்டு" என்றார், மணிக்குள்ளிருந்த கையை இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்தி.